ஆட்டுக்குட்டி மூச்சு விட்ட கதை

1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடிக்குக் குறைமாதத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. இரண்டே நாளில் மூச்சுத் திணறி இறந்தது. அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே வைத்தியம் இல்லாத காலம். காரணம் மட்டும் தெரிந்திருந்தது. நுரையீரலின் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காப்பது சர்ஃபாக்டன்ட் என்ற பொருள். இந்தக் குழந்தைகளிடம் அது போதுமான அளவு இல்லை என்று 1959-லேயே மேரி எல்லன் ஏவரி காட்டியிருந்தார்.

விடை நியூசிலாந்தின் ஆக்லாந்தில், ஆடுகளிடமிருந்து கிடைத்தது. பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்த கிரஹாம் லிக்கின்ஸ், கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்தினார். பிழைக்கவே முடியாத வயதில் பிறந்த குட்டி ஒன்று மூச்சு விட்டது! பிறகு ராஸ் ஹவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து, 1972-ல் முடிவை வெளியிட்டார். மூச்சுத்திணறல் நோய் ஊசி போடாதவர்களின் குழந்தைகளில் 25.8 சதவீதம், போட்டவர்களின் குழந்தைகளில் 9 சதவீதம். ஆனாலும் இது பரவலாக ஏற்கப்பட 1994 வரை ஆனது.

அடுத்த கேள்வி: ஊசி போட்டு ஒரு வாரமாகியும் பிரசவம் ஆகவில்லை என்றால்? மறுபடி போடலாமா?

2006-ல் வெளியான ஆஸ்திரேலிய-நியூசிலாந்து ஆய்வில் (982 பெண்கள்) வாராவாரம் போட்டதில் மூச்சுத்திணறல் 41-லிருந்து 33 சதவீதமானது. 2008-ல் 20 நாடுகளில் 1,858 பெண்களிடம் நடந்த ஆய்வில், 14 நாளுக்கு ஒருமுறை போட்டும் பலன் இல்லை. பிறப்பு எடையும் தலைச் சுற்றளவும்தான் குறைந்தன. நுரையீரலை முதிர வைக்கும் மருந்தே வளர்ச்சியைத் தடுக்கவும் செய்கிறது! அதனால்தான் 2015-ல் உலக சுகாதார நிறுவனம், அடுத்த 7 நாளில் குறைப்பிரசவம் ஆகும் அபாயம் அதிகம் இருந்தால் மட்டும், ஒரே ஒரு மறுசுற்று என்றது.

இந்தியாவில் 2014-ல் மத்திய அரசு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் கிராம செவிலியரே முதல் டெக்ஸாமெத்தசோன் ஊசியைப் போடலாம் என்றது. 12 மணிக்கு ஒன்றாக 6 மில்லிகிராம், மொத்தம் 4 ஊசி. ஆனால் 2015-ல் வந்த, இந்தியாவும் சேர்ந்த 6 நாட்டு ஆய்வு ஒன்றில், ஊசியைப் பரவலாக்கிய பகுதிகளில் சிசு இறப்பு சற்றுக் கூடியிருந்தது. 2020-ல், வசதியுள்ள மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில் இறப்பு 23.5-லிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. அதிலும் இந்தியா இருந்தது.

ஆக, மருந்து ஒன்றுதான். இடம்தான் வேறு. ஆரணிப் பட்டு வட்டாரத்துத் தேசூரில் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டால், ஊசி மட்டும் போதாது. கரு எத்தனை வாரம் என்ற சரியான கணக்கும், போய்ச் சேரும் இடத்தில் பச்சிளங்குழந்தைப் பிரிவும் வேண்டும். அந்த இரண்டும் இருந்தால்தான் ஊசிக்கு அர்த்தம்.