வல்லரசுகளின் துலாக்கோல்

தம் செயலை ஒரு கோலாலும் பகையரசின் செயலை மற்றொரு கோலாலும் அளப்பது அரசுகளுக்குப் புதிய வழக்கமன்று. ஆயினும், அவ்விரு கோல்களும் ஒரே மன்றத்தில், ஒரே வாரத்தில், உலகின் கண்முன்னே எடுக்கப்பட்டமை அரிது. 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலும் நவம்பர் தொடக்கத்திலும் ஐக்கிய நாடுகள் சபை அக்காட்சியைக் கண்டது.

1869இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாயை நடத்திவந்த கம்பனியை எகிப்தியத் தலைவர் நாசர் 1956 யூலை 26ஆம் நாள் நாட்டுடைமையாக்கினார். அதனைப் பொறாத பிரித்தானியாவும் பிரான்சும், பாரிஸ் நகருக்கு அணித்தான செவ்ர் என்னுமிடத்தில் இஸ்ரவேலுடன் ஒக்டோபர் 24இல் மறைவாக உடன்படிக்கை செய்தன. அதன்படி 29ஆம் நாள் இஸ்ரவேற் படை சினாயினுட் புகுந்தது. மறுநாள், பொருதும் இரு திறத்தாரையும் விலக்க வந்த நடுவர்போல ஏனைய இரு நாடுகளும் இறுதி எச்சரிக்கை விடுத்தன. 31ஆம் நாள் அவற்றின் விமானங்களே எகிப்தின்மீது குண்டுவீசின.

அதே காலத்தில் ஹங்கேரி கொந்தளித்துக்கொண்டிருந்தது. ஒக்டோபர் 23இல் புடாபெஸ்ற் மாணவர் தொடங்கிய ஊர்வலம் நாடு தழுவிய கிளர்ச்சியாயிற்று. இம்ரே நாகி பிரதமரானார். சோஷலிச நாடுகள் ஒன்றன் உள்விவகாரத்தில் மற்றொன்று தலையிடாமை வேண்டும் என்று 30ஆம் நாள் சோவியத்து அரசு அறிக்கை வெளியிட்டது. மறுநாளே மொஸ்கோத் தலைவர்கள் படையெடுப்புக்கு முடிவு செய்தனர். நவம்பர் முதலாம் நாள் வார்சோ ஒப்பந்தத்தினின்றும் விலகி நடுநிலை பூண்பதாக நாகி அறிவித்தார். நான்காம் நாள் விடியற்காலையில் சோவியத்துத் தாங்கிகள் தலைநகரைத் தாக்கின. ஏறத்தாழ 2,500 ஹங்கேரியர் மாண்டனர். 2,00,000 பேர் வரையில் நாட்டை விட்டோடினர்.

இனி, மன்றத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குதல் தகும். எகிப்தின் பொருட்டு ஐக்கிய அமெரிக்கா ஒக்டோபர் 30இல் பாதுகாப்புச் சபையிற் கொணர்ந்த தீர்மானத்தைச் சோவியத்து நாடு ஆதரித்தது; பிரித்தானியாவும் பிரான்சும் வீற்றோ என்னும் தடுப்புரிமையால் அதனை வீழ்த்தின. ஐந்து நாட்களில் நிலை தலைகீழாயிற்று. ஹங்கேரி பற்றிய தீர்மானத்தைச் சோவியத்து நாடு அதே உரிமையால் வீழ்த்தியது. அன்றே கூடிய பொதுச்சபை சோவியத்துப் படை வெளியேறவேண்டுமென 50 வாக்குகளால் கோரியபோது, அந்த ஐம்பதினுள் பிரித்தானியாவும் பிரான்சும் இருந்தன. மறுநாள் அவற்றின் படைகள் போட் செயிட்டில் இறங்கின. அந்நாளிலேயே சோவியத்துப் பிரதமர் புல்கானின், வலிய நாடொன்று பிரித்தானியாவை ஏவுகணைகளால் தாக்கின் அதன் நிலை யாதாகும் என்று ஈடனுக்குக் கடிதம் விடுத்தார். அவ்வேளை புடாபெஸ்றில் போர் ஓய்ந்திலது.

இரு செயல்களையும் கண்டித்த அமெரிக்காவும் குற்றமற்றதன்று. 1954 யூனில் குவாத்தமாலாவின் ஆர்பென்ஸ் அரசைக் கவிழ்த்த படைக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது அமெரிக்க உளவுத்துறையே. அந்நாடு பாதுகாப்புச் சபையில் முறையிட்டபோது அவ்விடயம் விசாரணைக்கு வாராமற் செய்ததும் அமெரிக்காவே.

சிறிய நாடுகளையும் இவ்வாராய்ச்சியினின்றும் விலக்கலாகாது. சுயெஸ் தாக்குதலைத் தயங்காது கண்டித்த இந்தியாவும் இலங்கையும், நவம்பர் 4இல் ஹங்கேரி பற்றி வாக்களியாது ஒதுங்கிய 15 நாடுகளுட் சேர்ந்திருந்தன. மேனாட்டுக் குடியேற்ற ஆட்சியின் தழும்பு ஆறாத கண்களுக்கு ஓர் ஆதிக்கம் விரைவிலும் மற்றையது தாமதித்தும் புலப்பட்டது போலும். எனினும் இலங்கை அந்நிலையில் நின்றுவிடவில்லை. 1957இல் ஹங்கேரி நிகழ்ச்சிகளை ஆராய்ந்த ஐந்து நாட்டுக் குழுவில் இலங்கையின் சார்பில் ஆர். எஸ். எஸ். குணவர்த்தன இடம்பெற்றார். 111 சாட்சிகளைக் கேட்ட அக்குழு, அது மக்கள் தாமாகவே எழுப்பிய தேசியக் கிளர்ச்சியே என ஒருமனதாக முடிவுகூறியது.

தீர்ப்பு இரண்டிடத்தும் ஒன்றாயினும் அதன் பயன் ஒன்றாகவில்லை. சரிந்துகொண்டிருந்த பவுண் நாணயத்தைத் தாங்க அமெரிக்கா மறுத்தமையால் பிரித்தானியா நவம்பர் 6இல் போரை நிறுத்தியது; டிசெம்பர் 22க்குள் இரு நாட்டுப் படைகளும் எகிப்தை விட்டகன்றன. சோவியத்து நாட்டை அவ்வாறு பணியவைப்பார் எவருமிலர். நாகி 1958 யூன் 16இல் தூக்கிலிடப்பட்டார்.

குற்றஞ்சாட்டியவர் அனைவரும் குற்றவாளிகளாதலின், அவர் கூறிய நீதியும் பொய்யே என்பார் உளர். அது பொருந்தாது. சுயெஸ் பற்றி மொஸ்கோ கூறியதும் உண்மை. புடாபெஸ்ற் பற்றி இலண்டன் கூறியதும் உண்மை. சொல்வோன் கறைபட்டவன் என்பதனாற் குற்றம் கழுவப்படுமாயின், ஒருவன் கொடுமை மற்றவன் கொடுமைக்குக் கேடயமாகும். இடையில் நசுங்குவோர் எகிப்தியரும் ஹங்கேரியருமே. நடுவுநிலைமைக்கு வள்ளுவர் துலாக்கோலை உவமை கூறினார். தட்டில் வைத்த பொருள் எவருடையது என்பதைத் துலாக்கோல் அறியாது; அறியாமையே அதன் சிறப்பு.