இரவல் நெருப்பில் எரியும் விளக்கு

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலையின் ஒளியலங்காரத்தைக் கண்டு மகிழ்வோர் பலர். அவ்வொளி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. நிலக்கரிச் சுரங்கமோ, எண்ணெய்க் கிணறோ, அணை கட்டத்தக்க பேராறோ இல்லாத தீவு சிங்கப்பூர். ஆதலின் இந்நகரத்து விளக்கின் வரலாறு, கடல் கடந்து வந்த எரிபொருளின் வரலாறே ஆகும்.

தொடக்கத்தில் இந்நகரின் தெருக்களில் எரிந்தவை தேங்காயெண்ணெய் விளக்குகள். 1864ஆம் ஆண்டில் எரிவாயு விளக்குகள் வந்தன. நிலக்கரியிலிருந்து அவ்வாயுவை வடித்துத் தந்தது காலாங் எரிவாயு ஆலை. 1905இல் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு மின்சாரம் வழங்கிய நிலையம், இன்று குட்டி இந்தியா எனப்படும் வட்டாரத்தை ஒட்டியுள்ள மெக்கன்சி சாலையில் இருந்தது. அங்கு விலைக்கு வாங்கிய மின்சாரத்தைக் கொண்டே நகராட்சி 1906இல் ராஃபிள்ஸ் பிளேஸ் முதலிய இடங்களில் மின்விளக்கு ஏற்றியது.

தேவை பெருகவே, 1927இல் கடலோரத்தில் செயிண்ட் ஜேம்ஸ் மின்நிலையம் செயற்படலாயிற்று. அது எரித்தது நிலக்கரி. 1950களில் எழுந்த பாசிர் பாஞ்சாங் மின்நிலையம் எண்ணெயை எரித்தது. 1963இல் மின்சாரம், நீர், எரிவாயு ஆகிய மூன்றும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பாயின. பத்தாண்டு கழிந்து, 1973இல் மேற்காசியப் போரை அடுத்து எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. ஒரே எரிபொருளை நம்பியிருப்பதன் இடரை உலகம் அப்போது உணர்ந்தது. 1992இல் மலேசியாவிலிருந்தும், 2001இல் இந்தோனேசியாவிலிருந்தும் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்தது. 2013இல் ஜூரோங் தீவில் நீர்ம எரிவாயு முனையம் இயங்கத் தொடங்கியபின், தொலைநாட்டு வாயுவும் கப்பலில் வந்து சேர்ந்தது. இன்று நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு எரிவாயுவால் ஆவதே. நிலக்கரியினும் அது தூயது. எனினும் கரியமிலவாயுவை அறவே விலக்கியதன்று.

அவ்வாயு புவியை வெப்பமாக்குவதால் உலகமே இன்று மாற்றுவழி தேடுகிறது. இதில் வடஐரோப்பிய நாடுகள் முன்னோடிகள். நார்வேக்கு அருவிகள் உண்டு. டென்மார்க்குக்குக் காற்று உண்டு. 1970களிலேயே இவ்விரு நாடுகளும் கடலடி மின்வடத்தால் இணைந்தன. காற்று வீசும்போது டென்மார்க் கொடுக்கும், நார்வே தன் நீரைச் சேமிக்கும்; காற்று ஓய்ந்தால் நார்வே கொடுக்கும். இயற்கை வளத்தினும் அண்டை நாட்டு நம்பிக்கையே அங்குப் பெருஞ்செல்வம்.

சிங்கப்பூருக்கு அருவியுமில்லை, வன்காற்றுமில்லை. வெயில் உண்டு, ஆனால் நிலம் இல்லை. எனவே 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மீதே 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட சூரியத் தகடுகள் மிதக்கவிடப்பட்டன. 2022இல் லாவோஸ் நாட்டு நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கு வந்தது. 2035க்குள் 6,000 மெகாவாட் அளவுக்குக் கரிமம் குறைந்த மின்சாரத்தை வெளியிலிருந்து பெறுவது அரசின் குறிக்கோள்.

எரிபொருளைக் கிடங்கில் சேர்த்து வைக்கலாம்; கம்பிவழி வரும் மின்சாரத்தை அவ்வாறு பெருமளவில் சேர்த்து வைத்தல் எளிதன்று. நட்பு முறிந்தால் விளக்கும் அணையும். ஆதலின் வருங்காலத்தில் இந்நகரின் ஒளியைக் காக்கப்போவது பொறியியல் மட்டுமன்று. அண்டை அயலாருடன் பேணும் நல்லுறவும், தேவையற்ற விளக்கை அணைக்கும் இல்லத்தார் சிக்கனமும் ஆகும்.