கடற்கரையிலிருந்து மலைக்கு: சென்னை மலையோட்டத்தின் கதை

மலையோட்டம் என்பது ஏற்றமும் இறக்கமும் மிகுந்த மலைச்சாலைகளிலோ காட்டுத்தடங்களிலோ நெடுந்தூரம் ஓடும் விளையாட்டு. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சென்னையில், அதிலும் பெசன்ட் நகர், அடையாறு போன்ற பகுதிகளில், இதற்கு ஆட்கள் உருவானது விந்தைதான். எலியட்ஸ் கடற்கரையில் விடியுமுன் ஓடுவோருக்கு ஏற்றம் என்றால் பாலமும் மேம்பாலமும்தான். நகருக்குள் பேர்சொல்லும் குன்று பறங்கிமலை. அதன் உயரம் ஏறத்தாழ 300 அடி. 1726-இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் அதற்குப் படிக்கட்டு அமைத்துக் கொடுத்தார், அது பக்தர்களுக்காக.

மலையேறுவது தமிழருக்குப் புதிதல்ல. பழனி, வெள்ளியங்கிரி, சபரிமலை என்று அதற்கு நெடிய மரபு உண்டு. ஆனால் அந்தப் பயணங்களுக்குப் பருவம் உண்டு, பலவற்றுக்கு விரதமும் உண்டு. சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் விரதம் இருந்து, வெறுங்காலில் நடந்து பழகி, அதன்பிறகே மலையேறுவார். இறங்கி வந்தால் பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். நகரத்து மலையோட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. அதன் நாட்காட்டியை வகுத்தது சனி, ஞாயிறு விடுமுறை.

சென்னை ரன்னர்ஸ் குழு 2006-இல் தொடங்கியது. பகுதிவாரியாக அதற்குக் கிளைகள் முளைத்தன. 2008-இல் சென்னையில் வாழ்ந்த பெல்ஜியப் பொறியாளர் பீட்டர் வான் கெயிட் சென்னை ட்ரெக்கிங் கிளப்பைத் தொடங்கினார். நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் நாகலாபுரம், தடா மலைகள் அதன் முதன்மைக் களங்கள். நடையும் ஓட்டமும் அங்கே ஒன்றோடொன்று கலந்தன. வெள்ளி இரவு புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை அலுவலகம் போகலாம். அடுத்த வெள்ளி மீண்டும் புறப்படலாம். அடுத்தடுத்த வார இறுதிகளில் மலை ஓடும் பழக்கத்துக்கு வழிவிட்டது, வீரத்தைவிட, இந்த வசதிதான்.

இங்கிலாந்தில் பாப் கிரஹாம் 1932 ஜூனில் 24 மணி நேரத்துக்குள் ஏரி மாவட்டத்தின் 42 சிகரங்களை ஏறி இறங்கியதை இதோடு ஒப்பிடுவதுண்டு. ஆனால் அவர் கெசிக் ஊரில் விருந்தினர் விடுதி நடத்தியவர். மலை அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது; வார இறுதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஏழு நாள் இடைவெளி உடலுக்குப் போதுமா? ஏற்றம் மூச்சை வாங்கும். காலை வாங்குவது இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசைகள் உடலின் எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கின்றன. தசைநார்களில் நுண்ணிய கிழிசல்கள் ஏற்படுவது இந்த இழுவிசையால்தான். வலி ஓடி முடித்த அன்று அவ்வளவாகத் தெரியாது, ஓரிரு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடவைக்கும் வலி அது. வலி போன பிறகும் தசையின் முழு வலிமை திரும்ப ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். ஒருமுறை இப்படி அடிபட்ட தசை, சில வாரங்களுக்குள் மீண்டும் அதே இறக்கத்தைச் சந்தித்தால் குறைவாகவே சேதமடைகிறது. இரண்டாம் ஞாயிறு முதல் ஞாயிறைவிட எளிதாகத் தோன்றக் காரணம் இதுதான்; ஓடுபவரை ஏமாற்றுவதும் இதுதான். தசை பழகிவிடும் வேகத்தில் எலும்பும், தசையை எலும்போடு பிணைக்கும் நாண்களும் பழகுவதில்லை.

காட்டுக்கும் தனி நாட்காட்டி உண்டு. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை பரவிய காட்டுத்தீ அதைக் கொடுமையாக உணர்த்தியது. சென்னை ட்ரெக்கிங் கிளப் வழியே வந்த குழுவும், திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து வந்த இன்னொரு குழுவும் கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. காய்ந்த புல் சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. 23 பேர் இறந்தனர். அது ஓட்டப் போட்டி அல்ல, நடைப்பயணம். ஆயினும் மலையோட்டத்தின் வரலாற்றை இதற்கு முன், இதற்குப் பின் என்றே பிரிக்க வேண்டும். அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடத்தியது. அதே ஆண்டு வனப்பகுதி மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. அனுமதி, வழிகாட்டி, தடத்தின் கடினம் எல்லாம் எழுத்தில் வந்தன. நினைத்த வெள்ளிக்கிழமை கிளம்பும் காலம் முடிந்தது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி 40 தடங்களை இணையவழி முன்பதிவுக்குத் திறந்தது. காட்டுத்தீக் காலத்தில் இத்தடங்கள் மூடப்படுகின்றன. இவை வழிகாட்டியோடு நடப்பதற்கானவை. ஓடுவோருக்கு எஞ்சியவை பெரும்பாலும் மலைச்சாலைகள்: ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரியின் 14, கொல்லிமலையின் 70. அங்கே தீயின் அச்சம் குறைவு, பேருந்துகளின் அச்சம் உண்டு. தார்ச்சாலை இறக்கமோ மண் தடத்தைவிடக் கால்களுக்குக் கடினமானது.