திரும்பாமையும் இறப்பும்: ஒரு விமானியின் கடிதம்

பிரிட்டிஷ் வான்படையின் மார்ஹாம் தளத்தில் 38ஆம் அணியைச் சார்ந்த துணை விமானி விவியன் ரோஸ்வார்ன். 1940 மே இறுதியில், டன்கர்க் கடற்கரையிலிருந்து நேசநாட்டுப் படைகள் கப்பலேறிக்கொண்டிருந்த நாட்களில், அவர் சென்ற வெலிங்டன் குண்டுவீச்சு விமானம் பெல்ஜியத்தில் வீழ்த்தப்பட்டது. அவருக்கு வயது 23.

அவர் தம் தாய்க்கு எழுதி வைத்திருந்த கடிதம் உடைமைகளிடையே கிடைத்தது. தளத் தலைவர் அதைப் படித்து, தாயின் இசைவுடன், பெயர் சுட்டாமல் வெளியிடச் செய்தார். பிரான்சு போர்நிறுத்தம் கோரியதற்கு மறுநாள், ஜூன் 18 அன்று, 'தி டைம்ஸ்' நாளிதழில் அது வந்தது. பின்னர்ச் சிறுநூலாக இலட்சக்கணக்கில் பரவியது. 1941இல் மைக்கேல் பவல் அதைக் குறும்படமாக்கினார். அரசின் பரப்புரைக்கு அது பயன்பட்டது உண்மையே, அதற்கென எழுதப்பட்டதன்று.

பெயர் நீங்கியதும் சுட்டுப்பொருள் விரிந்தது. ஒருவரின் 'நான்' எம்மகனுக்கும் உரியதாயிற்று. விளிக்கப்பட்ட தாய் எல்லாத் தாயரும் ஆனார்.

மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டியது வேறொன்று. மகன் கொல்லப்பட்டால் தாய்க்கு அனுப்பவேண்டிய கடிதம் என்றே தளத் தலைவர் அறிமுகம் செய்கிறார். கடிதத்தின் தொடக்கமோ, தாக்குதலிலிருந்து தாம் திரும்பாத நிலையையே கூறுகிறது. ஒரு மாதம் நம்பியிருக்குமாறு தாயைக் கேட்கிறது. அவ்விடத்தில் 'திரும்பாவிடின்' என்பதை 'இறந்தால்' எனப் பெயர்த்தால் பொருள் கெடாது எனத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு மாதத்திற்கு இடமில்லாமற் போகும். காணாமற்போனவர், இறந்ததாக நம்பப்படுபவர் என்பதே அப்போதைய அலுவல் வழக்கு. ரோஸ்வார்னின் இறப்பு அறிவிப்பு அவ்வாண்டு டிசம்பரில்தான் வெளிவந்தது.