கையொப்பம் இல்லாத லேஞ்சு: சிங்கப்பூரில் சதுரத்துணியும் சேகரிப்பும்

என் மேசையில் இரண்டு துணிகள் விரித்துக் கிடக்கின்றன. ஒன்று பட்டு. பாரிஸ் எர்மேஸ் நிறுவனத்தின் அச்சு ஸ்கார்ஃப், 90 சென்டிமீட்டர் சதுரம். நண்பர் பார்த்துவிட்டுத் தரச்சொல்லிக் கொடுத்தது. மற்றது பருத்தி. சிவப்பும் நீலமும் கட்டம் கட்டிய லேஞ்சு. பாட்டியின் தகரப்பெட்டியிலிருந்து எங்கள் பங்குக்கு வந்தது. கஜக்கோலுக்குச் சரியாக 36 அங்குலம் இருந்திருக்க வேண்டும். துவைத்துத் துவைத்துக் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது.

பட்டுக்கு மறுவிற்பனையில் பல நூறு வெள்ளி கிடைக்கும். லேஞ்சைத் தூசி தட்ட எடுத்துக்கொள்ளலாமா என்று வீட்டில் ஏற்கெனவே ஒருமுறை கேட்டாயிற்று. பட்டின் சித்திரத்துக்குள் நிறுவனத்தின் பெயரும் வரைந்தவரின் கையொப்பமும் இருக்கின்றன. லேஞ்சின் மூலையிலோ கறுப்பில் ஒரு கோடும் மூன்று புள்ளிகளும்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இந்த விலை வேற்றுமைக்குப் பட்டு, பருத்தி என்ற காரணம் போதாது. சிங்கப்பூர் அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பழந்துணிகளில் கணிசமானவை பருத்திதான். ஒரு துணியில் யாருடைய பெயராவது ஏறும்போதுதான் அது சேகரிப்புப் பொருளாகிறது என்பது என் வாதம். அந்தப் பெயர் எங்கே, எப்போது, யாருக்காக ஏறியது என்பதைத் தேடிப் போவதே இக்கட்டுரை.

*

முதலில் சொற்கள். லேஞ்சு போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். உருமால் பாரசீகத்திலிருந்து வந்தது. முகம் துடைப்பது என்று பொருள். மலாய்க்காரர் கைக்குட்டையைச் 'சாப்பு தாங்கான்' என்பர், கை துடைப்பது. பாரசீகத்திலும் மலாயிலும் துடைக்கிற வேலைதான் பேசப்படுகிறது, அழகு பேசப்படவில்லை.

கட்டம்போட்ட கைலிக்கு மலாயில் 'பெலேக்காட்' என்று பெயர். அது நம் பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் ஊர்ப்பெயர் சிதைந்து, துணியோடு கப்பலேறி, இங்கே துணியின் பெயராகவே தங்கிவிட்டது. டச்சுக்காரர் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பியது சோழமண்டலத் துணிக்காகத்தான். கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கக் காசைவிடத் துணி நன்றாகச் செல்லும் என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். பழவேற்காட்டு உருமால், பின்னாளில் மெட்ராஸ் உருமால் என்று உலகெங்கும் போனவை தறியில் எட்டு கஜத் துண்டாக நெய்யப்பட்டவை. வாங்கியவர் அதைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொள்வார். ஒரு சதுரம் ஒரு கஜம், அதாவது 91 சென்டிமீட்டர். எர்மேஸின் 90 சென்டிமீட்டரோடு இது ஒத்துப்போவது தற்செயல். பாரிஸ் நம்மைப் பார்த்து அளவெடுத்தது என்று யாரும் கிளப்பிவிட வேண்டாம்.

சோழமண்டலச் சிவப்பு தனி வரலாறு. கடற்கரை மணலில் விளையும் சாயவேர், படிகாரத்தோடு சேர்ந்தால் நூலைக் கவ்விக்கொள்ளும் சிவப்பைத் தரும். துவைக்கத் துவைக்கத் துலங்கும் என்று அதற்குப் பேர். தென்கிழக்காசியாவில் இந்தத் துணிகள் குலதனமாகவே ஆயின. சுலவேசியின் தொராஜா மலையகத்தில் சடங்குக்கு மட்டும் எடுத்து விரித்து மறுபடி மடித்து வைத்தார்கள். அதனால்தான் இந்தியாவில் மக்கி மறைந்துபோன துணிகள் அங்கே நூற்றாண்டுகள் பிழைத்தன. அப்படிப் பிழைத்தவற்றில் சிலவற்றின் ஓரத்தில் ஒரு முத்திரை இருக்கும்: டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்துக்கள். அந்தத் துணியில் இருக்கும் ஒரே பெயர் மொத்தமாக வாங்கியவனுடையது.

*

'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூலில் இதற்குப் பொருத்தமான கதை ஒன்று உண்டு. மலாக்கா சுல்தான் மஹ்மூத், ஹாங் நாடிம் என்பவரைக் கெலிங் நாட்டுக்கு, அதாவது நம் கரைக்கு, துணி வாங்க அனுப்புகிறார். 'செராசா' என்னும் துணியில் 40 வகை வேண்டும், ஒவ்வொன்றிலும் 40 விதப் பூ வேண்டும். (கெலிங் அப்போது கலிங்கத்தை நினைத்து வழங்கிய நாட்டுப்பெயர், பின்னாளில் அதே சொல்லை நம்மை ஏசவும் வைத்துக்கொண்டார்கள்.) அங்குள்ள ஓவியர்கள் மாதிரி மாதிரியாக எழுதிக் காட்டுகிறார்கள். நாடிமுக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் அவரே தாளும் மையும் கேட்டு வாங்கித் தம் மனத்திலிருந்த பூவை வரைந்து காட்ட, ஓவியர்கள் வியக்கிறார்கள். துணி தயாராகிறது. திரும்பும் வழியில் கப்பல் மூழ்க, சில துண்டுகளே மிஞ்சுகின்றன.

மலாக்கா அரசவையின் பெருமையைச் சொல்லவே இந்தக் கதை எழுதப்பட்டது. அதை அப்படியே நடந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் நம் கரைத் துணியைப் பற்றிய இந்தக் கதையில் வடிவமைப்பாளராகப் பெயர் பெறுபவர் வாங்கவந்த தூதர். எழுதி, சாயமேற்றி, வெளுத்துக் கொடுத்தவர்கள் 'ஓவியர்கள்' என்ற பன்மையோடு நின்றுவிடுகிறார்கள்.

*

சிங்கப்பூரில் தமிழர் வரலாறும் துணியில்தான் தொடங்குகிறது என்றால் பெரிய மிகையில்லை. 1819 மே மாதம் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற்சூளை வைத்தார். கிராஸ் ஸ்திரீட்டில் பருத்தித் துணிக்கடையும் போட்டார். 1822இல் கடை தீயில் போனது. ராஃபிள்ஸ் வேறிடம் தர, மறுபடி எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அவர் முயற்சியில் வந்தது என்பதைச் சொல்வோம். அவர் கடையில் என்ன துணி விற்றது என்பதை யாரும் கேட்பதில்லை. அதே காலத்தில் நாகூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களான சூலியாக்கள் தெலுக் ஆயரிலும் சூலியா ஸ்திரீட்டிலும் வேரூன்றினர். மலாயில் இருபது துணி கொண்ட கட்டுக்கு இன்றும் 'கோடி' என்றுதான் பெயர். கடைக்குப் பெயர் 'கெடை'. எண்ணிக்கையும் கடையும் நம்மிடமிருந்து போனவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பிய ஆலைத்துணி வந்து இந்த வணிகத்தை முறித்தது. ஆலைக்காரர்கள் நம் கட்டத்தையும் ஜாவாவில் மெழுகெழுதிச் சாயமேற்றும் பாத்திக்கையும் அச்சில் நகலெடுத்தார்கள். ஹாலந்தின் ஹெல்மோண்ட் நகரில் 1846இல் தொடங்கிய விலிஸ்கோ இதில் பேர்போனது. நகல் பெருகியதும், அசல் எது என்று காட்ட வேண்டிய தேவை பிறந்தது. கையொப்பம் நுழைந்தது அந்த இடத்தில்.

அதைத் தொடங்கியவர்கள் ஜாவாவின் வடகரையில் பட்டறை வைத்திருந்த இந்தோ-ஐரோப்பியப் பெண்கள். செமாராங்கைச் சேர்ந்த கரோலினா வான் ஃபிராங்கெமாண்ட் இவர்களில் மூத்தவர். பெக்கலோங்கானின் எலீசா வான் சூய்லென் (1863–1947) பூச்செண்டு வரைந்த துணியின் ஓரத்தில் மெழுகாலேயே பெயர் எழுதவைத்தார். மெழுகு பட்ட இடத்தில் சாயம் பிடிக்காது. ஆகவே பெயர் துணியின் நிறத்திலேயே நிற்கும். அழித்து எழுத முடியாது. 1925இல் கெடுங்வுனியில் பட்டறை தொடங்கிய ஓய் சூ ட்ஜூன் குடும்பமும் இவ்வழியே கையொப்பமிட்டது. துணியின் இரு பக்கத்திலும் 'சாந்திங்' பேனாவால் மெழுகெழுதுவதால் எது உள், எது வெளி என்று சொல்ல முடியாது. மெழுகெழுதிய பெண்களின் பெயர் அந்தக் கையொப்பத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்காரியின் பெயர்தான் ஏறியது.

இவை விற்ற இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. அராப் ஸ்திரீட்டில் அரபு, ஜாவானிய, இந்திய முஸ்லிம் கடைகள் பாத்திக் விற்றன. பெரானக்கான் என்னும் உள்ளூர்ச் சீன வழிக் குடும்பத்துப் பெண்கள் வாங்கினார்கள். சீனப்பட்டில் மெழுகெழுதிய 'லோக்சான்' என்னும் தோள்துணியும் வந்தது. பட்டு ஸ்கார்ஃப் சேகரிப்புக்கு இந்த வட்டாரத்தில் ஒரு முன்னோடி வேண்டுமென்றால் நான் பாரிஸுக்குப் போகமாட்டேன்; மங்கிய நீலமும் பழுப்பும் ஓடும் அந்த லோக்சானைக் காட்டுவேன்.

*

எர்மேஸின் முதல் பட்டுச் சதுரம் 1937இல் வந்தது. ராபர்ட் தூமா முன்நின்று கொண்டுவந்தார். படம் பாரிஸ் குதிரைவண்டிகளைச் சுற்றிய ஒரு பழைய விளையாட்டு. ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம் என்ற கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடுவார்கள். நண்பரின் ஸ்கார்ஃபை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். ஓரம் முன்பக்கமாகச் சுருட்டி, கையால் தைத்திருக்கிறது. குண்டாக, விரலில் உருளுகிறது. தையல் ஒரே சீராக இல்லை. சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். தட்டையாக இஸ்திரி போட்ட ஓரமோ இயந்திரத் தையலோ இருந்தால் கீழே வைத்துவிடுவார்கள். கையால் செய்தது என்பதற்குச் சீரின்மையே சான்று. கைத்தறிச் சேலையில் இதே சீரின்மையைக் குறை என்று சொல்லி விலை குறைக்கும் ஆட்களை நான் இங்கே தேக்கா வட்டாரத்தில் பார்த்திருக்கிறேன்.

பாரிஸின் பெயர் சிங்கப்பூர்த் துணியில் பகிரங்கமாக ஏறியது 1968இல். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணிப்பெண்களுக்குப் பியர் பால்மேன் சாரோங் கெபாயாவை வெட்டித் தந்தார். பாத்திக் வடிவம் ஜாவாவினுடையது, உடை இத்தீவுக்கூட்டத்துப் பெண்களுடையது, பெயர் பால்மேனுடையது. ஹாங் நாடிம் கதை தலைகீழாக நடந்ததாகவும் கொள்ளலாம்.

லிட்டில் இந்தியாவில் அந்த ஆண்டுகளில் நடந்தது வேறு. முஸ்தஃபா 1971இல் கேம்பல் லேனில் சின்ன ஆயத்த ஆடைக் கடையாகத் தொடங்கியது. ஊருக்குப் போகிறவர்கள் சிராங்கூன் சாலையில் நைலெக்ஸ் சேலையும் ஜார்ஜெட்டும் பூப்போட்ட ஸ்கார்ஃபும் வாங்கிப் பெட்டியில் அடுக்கினார்கள். கோடாலித் தைலத்தோடு அந்தத் துணியும் தஞ்சாவூர், இராமநாதபுரம் வீடுகளில் 'ஃபாரின்' வாசனை வீசியது. உருமாலை உலகுக்கு அனுப்பிய கரை, சிங்கப்பூர் வழியே ஜப்பான் நைலானை வரவழைத்துப் பத்திரப்படுத்தியது. பத்திரப்படுத்தல் என்றால் பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைப்பது. அதுவும் சேகரிப்புதான். விலைமதிப்புப் பட்டியலில் அது வராது, அவ்வளவே.

பழைய துணி தேடுவோருக்குச் சுங்கை ரோடு சந்தை இருந்தது. 1930களில் தொடங்கியது, திருட்டுச் சந்தை என்றே பேர். தார்ப்பாயில் குவித்த பழந்துணிக்குள் கைவிட்டு, பார்க்காமலே பட்டா நைலானா என்று விரலால் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். 2017 ஜூலை 10ஆம் தேதி சந்தையை மூடினார்கள். இப்போது வேட்டை கைப்பேசியில் நடக்கிறது, விரலுக்கு வேலையில்லை. அதனாலேயே கையொப்பத்துக்கு மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். தொட்டுப் பார்க்க முடியாதபோது படிக்க முடிவதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த ஊரில் பட்டைக் காப்பதே பெரும்பாடு. ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 80 விழுக்காட்டைத் தாண்டும். பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும், மடித்த மடிப்பிலேயே இழை அறும். அருங்காட்சியகங்கள் துணியை உருளையில் சுற்றி, 50 லக்ஸ் அளவுக்கு விளக்கைத் தாழ்த்தி வைக்கின்றன. பாட்டிகள் ஆண்டுக்கொருமுறை பட்டுச்சேலையை நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பை விட்டு வேறிடத்தில் மடித்தார்கள். இரண்டும் ஒரே அறிவு.

*

அருங்காட்சியகங்கள் இந்த வரலாற்றுக்குள் வந்தது அண்மையில்தான். ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகம் 2011இல் நடத்திய 'பேட்டர்ன்ஸ் ஆஃப் டிரேட்' கண்காட்சி, 1400 முதல் 1900 வரை இந்தியா ஏற்றுமதி செய்த துணிகளைக் காட்டியது. அவற்றுக்கு அடிப்படை ரோஜர் ஹாலண்டர் என்ற சேகரிப்பாளரின் தொகுப்பு. பெரானக்கான் அரும்பொருளகத்தின் பாத்திக் செல்வம் லீ கிப் லீ குடும்பத்தார் வழங்கியது. 2022இல் 'பாத்திக் கீத்தா' என்ற கண்காட்சி வந்தது. 2023இல் சிங்கப்பூரில் பிறந்து பாரிஸில் பெயரெடுத்த ஆண்ட்ரூ ஞான் தம் ஆடைகளோடு தனிக் கண்காட்சி பெற்றார். 2024 டிசம்பரில் கெபாயா யுனெஸ்கோ பட்டியலேறியது. காட்சிக்கூடக் குறிப்புகளைக் கவனியுங்கள். பாத்திக் என்றால் பட்டறையின் பெயர். நவீன உடை என்றால் வடிவமைப்பாளர் பெயர். சோழமண்டலத் துணி என்றால் இடம், நூற்றாண்டு, பிறகு சேகரித்தவரின் பெயர். குறை அருங்காட்சியகத்தினுடையது அல்ல; எழுத வேறு பெயர் இல்லை. கம்பெனி முத்திரை இருந்த இடத்தில் இப்போது சேகரிப்பாளரின் பெயர் இருக்கிறது.

கேம்பல் லேனில், முஸ்தஃபா தொடங்கிய அதே சந்தில், 2015 முதல் இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. லேஞ்சை அங்கே கொண்டுபோய்க் காட்டலாமா என்று யோசித்து, கையில் எடுத்து மறுபடி பார்த்தேன். இரண்டு பக்கம் தறிக்கரை. மற்ற இரண்டு பக்கமும் வெட்டி, வெள்ளை நூலால் மடித்துத் தைத்திருக்கிறது. தைத்தது பாட்டியாகத்தான் இருக்கும், அவர் தையல் எனக்குத் தெரியும். மூலையில் அந்தக் கோடும் மூன்று புள்ளிகளும். சேங்கொட்டைச் சாற்றால் போட்ட சலவைக்குறி. எந்த வீட்டுத் துணி என்று மறக்காமலிருக்க சலவைத்தொழிலாளி இடுவது, வெளுத்தாலும் போகாது. டோபி காட் என்று இன்று ரயில் நிலையத்துக்கு இருக்கும் பெயர், அங்கே ஓடையில் துணி வெளுத்த இந்தியர்களால் வந்தது.

பழந்துணி வாங்குகிற ஒருவரிடம் காட்டினேன். கறை இருக்கிறது, விலைபோகாது என்றார்.