சூரிய மின் தொகுதிகளில் பழுதறிதல்

சூரிய மின் தொகுதிகளில் பழுதறிதல் என்பது, சூரியத் தகடுகள், இணைப்புக் கம்பிகள், இன்வெர்ட்டர் ஆகியவற்றில் ஏற்படும் பழுதின் இடத்தையும் வகையையும் கண்டறியும் நுட்பம் ஆகும். சில தகடுகள் பழுதடைந்தாலும் மற்றவை தொடர்ந்து மின்சாரம் தருவதால், பழுது நெடுநாள் மறைந்திருக்கக் கூடும்.

பழுது மறைந்திருக்கக் காரணம்

வீட்டு மின்சுற்றில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து உருகி (பியூஸ்) எரிந்துவிடும். சூரியத் தகட்டின் குறுக்குச்சுற்று மின்னோட்டமோ, அது இயங்கும்போது தரும் மின்னோட்டத்தை விடச் சிறிதளவே அதிகம். ஆகவே உருகி எரியாமலேயே பழுது நீடிக்கலாம்.

உற்பத்தி குறைவதெல்லாம் பழுதும் அன்று. படிகச் சிலிக்கான் தகட்டின் திறன், 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4% குறையும். கோடையில் தகடு 60 பாகைக்குச் சூடானால் இழப்பு ஏறத்தாழ 14% ஆகும்.

கண்டறியும் முறைகள்

ஒளிச்செறிவுக்கும் தகட்டின் வெப்பநிலைக்கும் ஏற்ப எதிர்பார்க்கப்படும் மதிப்பைக் கணித்து, அளந்த மதிப்புடன் ஒப்பிடுவதே அடிப்படை முறை ஆகும்.

* தகடுகள் முழுவதும் தூசி படிந்தால் மின்னோட்டம் குறையும்.
* தொடராக இணைத்த வரிசையில் ஓர் இணைப்பு அறுந்தால் அவ்வரிசையின் மின்னோட்டம் சுழியாகும்.
* மாற்றுவழி டையோடு குறுக்குச்சுற்றானால் மின்னழுத்தம் குறையும். எடுத்துக்காட்டாக, 60 கலங்கள் கொண்ட தகட்டில் 20 கலங்களுக்கு ஒன்றாக 3 டையோடுகள் இருக்கும். 30 வோல்ட்டுத் தகடுகள் 10 கொண்ட வரிசையில் ஒரு டையோடு பழுதானால், 300 வோல்ட்டு 290 ஆகக் குறையும்.

நிழல் விழுந்த அல்லது விரிசல் கண்ட கலம், மின்னாற்றலைத் தராமல் தானே நுகர்ந்து சூடாகலாம். இதனை அகச்சிவப்புப் படக்கருவி காட்டிவிடும்.

பெரிய மின் நிலையங்கள்

இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 இல் தொடங்கப்பட்ட 648 மெகாவாட் நிலையத்தில் ஏறத்தாழ 25 இலட்சம் தகடுகள் உள்ளன. இத்தனை தகடுகளை ஒருவர் நிமிடத்துக்கு ஒன்றாக, நாளுக்கு 8 மணி நேரம் சோதித்தால் முடிக்க 14 ஆண்டுகள் ஆகும். எனவே இத்தகைய அளவில், வரிசைதோறும் மின்னோட்டத்தை அளந்து கணினியால் ஒப்பிடுவதும், ஆளில்லா வானூர்தியில் இருந்து அகச்சிவப்புப் படம் எடுப்பதும் உகந்த முறைகள் ஆகும்.

தீ விபத்தும் பாதுகாப்பும்

ஐக்கிய அமெரிக்காவின் பேக்கர்சுபீல்டு நகரில், 2009 ஏப்ரல் 5 அன்று 383 கிலோவாட் கூரைத் தொகுதி ஒன்று தீப்பற்றியது. சிறிய கம்பி ஒன்றில் ஏற்பட்ட நிலக்கசிவு, உருகியை எரிக்கும் அளவுக்குப் பெரிதாக இல்லாததால் கண்டறியப்படவில்லை. பின்னர் பெரிய மின்வடத்திலும் நிலக்கசிவு ஏற்பட்டபோது, பல வரிசைகளின் மின்னோட்டம் அச்சிறிய கம்பி வழியே பாய்ந்தது.

இத்தகைய மறைந்த கசிவைக் கண்டறிய, தற்கால இன்வெர்ட்டர்கள் இயங்கத் தொடங்கும் முன் தகடுகளுக்கும் நிலத்துக்கும் இடையிலான காப்புத்தடையை அளக்கின்றன. ஆகவே காப்புத்தடை எச்சரிக்கை வந்தால், காரணத்தை அறியாமல் இன்வெர்ட்டரை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது ஆபத்தானது. இன்வெர்ட்டரை நிறுத்தினாலும், வெயில் உள்ளவரை தகடுகளில் மின்னழுத்தம் இருக்கும். எனவே பயிற்சி பெற்றவரே கம்பிகளைத் தொட்டுச் சோதிக்க வேண்டும்.