இரட்டைக் கமராவும் தேயிலை மலையும்: காட்சியின் ஆழம் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

மலையகத் தமிழ் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இதுகாறும் எழுத்துச் சான்றுகளையும் வாய்மொழிச் சான்றுகளையுமே பெரிதும் நம்பி வந்துள்ளனர். ஆட்சியாளரின் அறிக்கைகள், துரைமாரின் நினைவுக் குறிப்புகள், தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்கள் ஆகியன ஒருபுறம்; சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்த மக்கள் பாடல்கள் மறுபுறம். இவற்றோடு ஒப்பிடுகையில், ஒளிப்படங்கள் நூல்களின் மேலட்டையை அலங்கரிப்பதற்கு அப்பால் அதிகம் பயன்படவில்லை. அவற்றை ஒரு சமூகவுறவின் விளைபொருளாக நோக்கும் முயற்சி நம்மிடையே குறைவு. ஒளிப்படங்களுள்ளும் இரட்டைப்படம் எனும் வகை, தனக்கேயுரிய ஒரு வினாவை எழுப்புவது. அது காட்டும் ஆழம் யாருடைய கண்ணுக்கு உரியது என்பதே அவ்வினா.

இவ்வினா பழம்பொருள் ஆராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. ஒரே வகையான இரு கைத்தொலைபேசிகளை அருகருகே நிறுத்தி, இடப்பக்கப் படத்தைச் சிவப்பாகவும் வலப்பக்கப் படத்தைப் பச்சையும் நீலமும் சேர்ந்த சயான் நிறத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, முப்பரிமாண வீடியோ ஆக்குதல் இன்று தோட்டத்து இளைஞர்க்கும் கைகூடக்கூடியது. ஹற்றன், நுவரெலியாப் பகுதிகளில் அதனைச் செய்ய முனைவோர், இரட்டைக் கண்ணாடி வில்லைகள் ஏற்கனவே ஒருமுறை இம்மலைக்கு வந்து போயுள்ளன என்பதை அறிந்திருத்தல் நன்று.

மனிதனின் இரு கண்களும் ஏறத்தாழ 6.5 சென்ரிமீற்றர் இடைவெளியில் அமைந்துள்ளன. ஒரே பொருளை அவை சிறிது வேறுபட்ட கோணங்களிற் காண்கின்றன; அவ்வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தைக் கட்டமைக்கின்றது. இதனை 1838 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் முன் விளக்கியவர் சார்ள்ஸ் வீற்ஸ்ரன். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்படுவதற்கு ஓராண்டு முன்னரே ஸ்டீரியோஸ்கோப் எனும் கருவி பிறந்துவிட்டது. டேவிட் புரூஸ்ரர் அமைத்த வில்லைக் கருவி 1851 ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சியில் விக்டோரியா மகாராணியின் கவனத்தைக் கவர்ந்தது. மத்தியதர வர்க்கத்தின் வரவேற்பறைப் பொருளாக விரைவிலேயே அது மாறியது. 1861 இல் அமெரிக்கரான ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் கையிற் பிடித்துப் பார்க்கும் எளிய கருவியை வடிவமைத்தார். அதற்கு அவர் காப்புரிமை பெறவில்லை. இரு ஆண்டுகளுக்கு முன் எழுதிய கட்டுரையிலே, உருவம் பொருளினின்று பிரிக்கப்பட்டுவிட்டது எனவும், இனிப் பொருள்களின் மேற்றோலை உரித்தெடுத்தாற் போதும் எனவும் அவர் கூறியிருந்தார். பண்டப் பரிமாற்றத்தின் தத்துவத்தை இத்துணை வெளிப்படையாக ஒரு கவிஞர் கூறியமை நமக்கு வியப்பளிக்கின்றது.

நிறங்களாற் பிரிக்கும் முறையும் அக்காலத்ததே. 1853 இல் ஜேர்மனியரான வில்ஹெல்ம் ரோல்மன் நிறக் கோடுகளையும் நிறக் கண்ணாடிகளையும் கொண்டு இதனைச் செய்து காட்டினார். 1858 இல் பிரான்சிலே டல்மெய்டா சிவப்பு, பச்சை ஒளியிற் படங்களைத் திரையில் வீழ்த்தினார். 1891 இல் லூயி டுகோ டு ஓறோன் அதனை அச்சுக்குக் கொணர்ந்தார். கருவிக்குள் ஒருவர் தனியே எட்டிப் பார்த்த காட்சியை, பலர் ஒருங்கே அமர்ந்து காணும் காட்சியாக மாற்றக்கூடியது இம்முறை. இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

இனி மலைக்கு வருவோம். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். (மார்க்ஸின் ‘மூலதனம்’ முதற்பாகம் வெளிவந்ததும் அதே ஆண்டில். தற்செயல்தான், ஆயினும் நினைவிற் கொள்ளத்தக்க தற்செயல்.) 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1884 இல் ஹற்றனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் புகையிரதம் ஏறிற்று. அவ்விருப்புப் பாதையில் தேயிலை இறங்கியது. உல்லாசப் பயணியும் ஒளிப்படக்காரனும் ஏறினர்.

நூற்றாண்டின் திருப்பத்தில் இரட்டைப்பட வணிகம் அமெரிக்காவிலே பெருங்கைத்தொழிலாகியிருந்தது. அண்டர்வுட் சகோதரர்கள் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய கம்பனியும், 1892 இல் பென்சில்வேனியாவில் எழுந்த கீஸ்டோன் கம்பனியும் உலகின் ஒவ்வொரு மூலையையும் அட்டைகளாக்கி வீடு வீடாகவும் பாடசாலை பாடசாலையாகவும் விற்றன. அண்டர்வுட்டின் புகழ்பெற்ற படப்பிடிப்பாளருள் ஒருவரான ஜேம்ஸ் றிக்கல்ரன் முன்னர் பள்ளி ஆசிரியர். மின்குமிழின் இழைக்கு உகந்த மூங்கிலைத் தேடி வரும்படி 1888 இல் எடிசனால் ஆசியாவுக்கு அனுப்பப்பட்டவர். அப்பயணத்தில் இலங்கைக்கும் வந்தவர். மூலப்பொருளைத் தேடிய கண்ணும் காட்சியைத் தேடிய கண்ணும் ஒருவரிடமே அமைந்திருந்தமை, அக்காலத்தின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகின்றது.

இக்கம்பனிகள் விற்ற இலங்கைக் காட்சிகளுள் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களும் இடம்பெற்றனர். ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் உயரமும் 18 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட அட்டையில் ஒரே காட்சி இருமுறை ஒட்டப்பட்டிருக்கும். அண்டர்வுட் அட்டைகள் பலவற்றின் பின்புறம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், சுவீடியம், ருசியம் ஆகிய ஆறு மொழிகளிலே தலைப்பு அச்சிடப்பட்டது. படத்தில் நின்றவளின் மொழி அவ்வாறினுள் இல்லை. அவள் பெயரும் இல்லை. தோட்ட வழக்கிலே ‘பேர்’ என்பது ஒரு நாட் கூலியையும் குறிக்கும் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். குறித்த றாத்தல் பறித்தாற் பேர்; குறைந்தால் அரைப்பேர். கணக்கப்பிள்ளையின் ஏட்டில் முழுப்பேர் வாங்க முதுகு முறியப் பாடுபட்டவள், உலகச் சந்தைக்குச் சென்ற அட்டையிலே அரைப்பேர்கூடப் பெறவில்லை.

ஆயினும் பெயரின்மையை மட்டும் சுட்டி நின்றுவிடுதல் போதாது. தனிப்படத்திலும் பெயரின்மை உண்டு. 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் டிக்கோயாவில் மறைந்து, பொகவந்தலாவைத் தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஜூலியா மார்கிறற் கமரன் எடுத்த தமிழ்த் தொழிலாளர் படங்களிலும் அமர்ந்திருப்போர் பெயரற்றவரே. இரட்டைப்படத்தின் தனியியல்பு வேறொன்று. கண்ணின் இடைவெளியையோ அதனிலும் சிறிதே கூடிய இடைவெளியையோ கொண்ட கமராவுக்குத் தொலைவிலுள்ள மலை தட்டையானது. ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள முகட்டை இரு வில்லைகளும் ஒன்றுபோலவே காண்கின்றன. ஆழம் பிறக்க வேண்டுமாயின் அண்மையில் ஏதேனும் நிற்க வேண்டும். எனவே முன்னணியில் ஒரு தேயிலைச் செடி, அதன் பின்னே ஒரு பெண், அவள் பின்னே வேறொருத்தி, அப்பால் சரிவு என்ற படிநிலை தேவைப்பட்டது. பெண்ணின் உடல் இங்கு காட்சிப்பொருள் மட்டுமன்று, அளவுகோலும் ஆகின்றது. அவள் நிற்பதாலேயே மலைக்கு ஆழம் உண்டாகின்றது; ஆனால் வாங்குபவன் பெறுவது மலையின் அழகையே. கொழுந்துக்கும் கோப்பைக்கும் இடையே நிகழ்வதும் இதுதான். இம்மலைகளுக்கு முன்னுரிமையாளர் இருந்தனர் என்பதும், 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம் கண்டிச் சிங்கள விவசாயியின் சேனை நிலத்தைக் கவர வழி வகுத்தது என்பதும் அட்டையின் எந்த ஆழத்திலும் தென்படா.

‘மூலதன’த்தின் முதல் அத்தியாயத்தில், பண்டத்தின் மாயத்தன்மையை விளக்கும் மார்க்ஸ் கண்ணை உவமையாகக் கொள்கிறார். பொருளிலிருந்து வரும் ஒளி கண்நரம்பைத் தூண்டுகின்றது. நாமோ அதனை நம் நரம்பின் தூண்டலாகக் கொள்ளாது, வெளியே நிற்கும் பொருளின் வடிவமாகவே கொள்கின்றோம். எனினும் காண்டலில் மெய்யான ஒரு பௌதிக உறவு உண்டு, பண்ட வடிவத்தில் அது இல்லை என அவர் உவமையைத் தாமே மட்டுப்படுத்துகின்றார். இரட்டைப்படம் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது. அதில் ஒளியும் உண்டு, சந்தையும் உண்டு.

அசையும் படத்தின் வரலாற்றை இங்கு விரிக்கவேண்டியதில்லை. 1934 இல் பசில் றைற் இயக்கிய ‘இலங்கையின் கீதம்’ தேயிலைப் பிரசாரத்துக்கெனப் பணம் பெற்று எடுக்கப்பட்டும், தேயிலைத் தொழிலாளருக்குச் சிறு இடமே அளித்தது. 1975 இல் வெளிவந்த ‘புதிய காற்று’ மூலம், தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தோட்ட மக்களைத் தமிழ்த் திரைக்குக் கொணர்ந்தார். தமிழகத்தில் 1985 இல் ‘அன்னை பூமி’ முப்பரிமாணப் படமாக வந்தது. அங்கு ஆழம் என்பது பார்ப்போர்மீது பொருள்களை எறிவதற்கான உபாயமாகவே பெரிதும் விளங்கியது.

இன்று இரு கமராக்களை ஒரு பலகையிற் பொருத்துபவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது அவற்றின் இடைவெளியை. மிக அண்மையிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது இத்துறையினரின் பொது விதி. 300 மீற்றருக்கு அப்பாலுள்ள சரிவை ஆழத்தோடு காட்ட விரும்பினால் கமராக்களை 10 மீற்றர் விலக்கி வைக்கலாம். ஆழம் நிச்சயம் கிட்டும். ஆனால் பார்ப்பவர் கண்ணிடைவெளி ஏறத்தாழ 150 மடங்கு பெருத்த ஓர் அரக்கராகிவிடுவார். மலை மேசைமீது வைத்த பொம்மை மலையாகும். ஐந்தடி உயரப் பெண் ஒரு சென்ரிமீற்றர் உயரப் பதுமையாவாள். குன்றின் உச்சியிலுள்ள துரையின் பங்களாவிலிருந்து தோட்டம் எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை இதனிலும் நன்கு உணர்த்தும் கருவி இல்லை. அந்த நோக்கை அம்பலப்படுத்துவதற்காக ஒருமுறை அதனைப் பயன்படுத்தலாம். வழமையாக்கினால், பங்களாக்கள் உல்லாச விடுதிகளாகிவிட்ட இக்காலத்தில், அது விடுதிக்காரரின் விளம்பரப் படமாகவே முடியும்.

இரு கைத்தொலைபேசிகளை நிமிர்த்தி ஒட்ட வைத்தால் வில்லைகளின் இடைவெளி ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர். இது மனித அளவு. விதிப்படி 2.1 மீற்றருக்கு அப்பால் உள்ளவை இதற்கு ஏற்றவை. மலைமுகடு தட்டையாகும், கூடையும் இடுப்பிற் கட்டிய படங்கும் விரல்களும் ஆழம் பெறும். ஆனால் இங்கே நேர ஒத்திசைவு பெருஞ்சிக்கலாகின்றது. செக்கனுக்கு 30 படச் சட்டங்கள் எடுக்கும் இரு கமராக்களைக் கைதட்டல் ஒலியைக் கொண்டு ஒத்துப்படுத்தினாலும், அரைச் சட்டம், அதாவது செக்கனில் அறுபதில் ஒரு பங்கு, பிழை எஞ்சலாம். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் பக்கவாட்டில் அசையும் கை அதற்குள் ஏறத்தாழ 1.7 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். இரண்டு மீற்றர் தொலைவிலுள்ள அக்கை, கணக்குப்படி, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் முன்னேயோ 60 சென்ரிமீற்றர் பின்னேயோ தோன்றும். உடல் ஓரிடத்திலும் கை வேறிடத்திலுமாக மிதக்கும். பழைய அட்டைகளிற் பலவற்றிலே தொழிலாளர் வேலையை நிறுத்திப் பார்த்தபடி நிற்கின்றனர். உழைப்பை உழைப்பாகவே காட்ட முனையும் போதுதான் கருவியின் இக்குறை வெளிப்படுகின்றது. ஒவ்வொரு பிடிப்பையும் பலமுறை எடுத்து, மிகப் பொருந்துவதைத் தெரிந்துகொள்வதே எளிய வழி.

நிறமும் தடையிடும். இடக்கண்ணின் சிவப்புத் தாள் சிவப்பை மட்டுமே விடும். பச்சைக் கொழுந்து அக்கண்ணுக்கு இருண்டும் வலக்கண்ணுக்கு ஒளிர்ந்தும் தெரியும். சிவப்புச் சேலையும் குங்குமப் பொட்டும் இதற்கு மாறாக. இரு கண்களும் முரண்பட்டுக் காட்சி மினுங்கும். தேயிலை மலையின் இயல்பான நிறமே இம்முறைக்குப் பகை எனலாம். எனவே படங்களைக் கருப்பு வெள்ளையாக்கிய பின் சேர்ப்பதையோ, குறைந்தது இடப்படத்தையாவது கருப்பு வெள்ளையாக்குவதையோ நாம் விதந்துரைப்போம். பச்சை கம்பளம் விரித்த மலை என்ற சுற்றுலாத் துறைச் சொற்றொடருக்கும் இதனால் ஓய்வு கிடைக்கும். காலைப் பெரட்டு வேளையின் மூடுபனி வேறுவகையிற் கைகொடுக்கும். தொலைவிலுள்ளவற்றை மறைத்து அண்மையை எடுத்துக் காட்டுவது அது.

லயத்துக்குள் நுழையும்போது விதியே உடைந்துவிடுகின்றது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நாம் பல்லாண்டுகளாக எழுதி வரும் அவ்வறை, மீற்றரில் ஏறத்தாழ மூன்றும் மூன்றரையும். ஒரு சுவரோடு ஒட்டி நின்றாலும் அடுப்போ கட்டிலோ ஒரு மீற்றருக்குள் வந்துவிடும், அவ்வளவு அண்மையை 7 சென்ரிமீற்றர் இடைவெளி தாங்காது, கண் வலிக்கும். மனித அளவுக் கண்ணுக்கு ஏற்ற தூரம் அவ்வறையில் இல்லை. புள்ளிவிபரமாகக் கேட்டுப் பழகிப்போன ஓர் அளவு, இங்கு உடலால் உணரப்படும் தடையாகின்றது. இஸ்தோப்புக்கு வெளியே முற்றத்தில் நின்று கதவு வழியே உள்ளே பார்ப்பதே எஞ்சும் வழி. நிலைக்கதவு முன்னே, குடும்பம் நடுவே, கரியேறிய சுவர் பின்னே எனச் சிறந்த ஆழம் அப்போது கிட்டும். அழையாது உள்ளே நுழையும் கமராவினும் அது நாகரிகமானது.

இவையெல்லாம் உருவவாதம், வெறும் விளையாட்டு என முற்போக்கு நண்பர் சிலர் கூறக்கூடும். உரிமைப் போராட்டத்துக்கு முப்பரிமாணம் எதற்கு என்பது நியாயமான வினாவே. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பறித்ததை எந்தக் கண்ணாடியும் மீட்டுத் தந்துவிடாது. எனினும் அக்காலப் பாராளுமன்ற விவாதங்களில் இம்மக்கள் தலைக்கணக்காகவே எண்ணப்பட்டனர். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. எண்ணாகவும் இயற்கைக் காட்சியாகவும் தட்டையாக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம், தன் வீட்டின் அளவையும் தன் கையின் வேகத்தையும் தானே அளந்து காட்டுவதை விளையாட்டென நாம் ஒதுக்கிவிட இயலாது.

அட்டைக் கருவியைப் போலன்றி இப்படத்தை ஊரார் ஒருங்கே இருந்து காணலாம். வெள்ளை வேட்டி ஒன்றும் ஒளியெறி கருவி ஒன்றும், சிவப்பு, சயான் நிறத் தாள்களை ஒட்டிய அட்டைக் கண்ணாடிகளும் போதும், செலவு அற்பம். படத்தின் ஈற்றில் நடித்தோர் அல்லர், உழைத்தோர் பெயர்களை இடும்போது ஒரு நுட்பம் உண்டு. எழுத்துகளை இரு படங்களிலும் ஒரே இடத்தில் இட்டால் அவை திரையின் தளத்திலேயே நிற்கும். இடப்படத்தில் சிறிது வலமாகவும் வலப்படத்தில் சிறிது இடமாகவும் நகர்த்தினால் பெயர்கள் திரையை விட்டு முன்னே வந்து நிற்கும்.